எந்த இயந்திரம், யார் பிள்ளை

திரை மறுபடியும் அதையே சொன்னது: இது எந்த வகை இயந்திரம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பெகாயிம் பல்லைக் கடித்தாள். நாரின் என்ற மலையூரின் பனிச்சரிவுக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு வந்த கணினிப் பெட்டி புத்தம் புதுசு. எச்சரிக்கை மென்பொருளோ அரதப் பழசு. அதை நிறுவும் கட்டளைக் கோப்பான ஸ்கிரிப்ட், முதல் வேலையாக "நீ யார்?" என்று பெட்டியைக் கேட்கும். ஸ்கிரிப்ட் எழுதிய காலத்தில் இந்தச் சிப்பே கிடையாது.

அலுவலகத் தலைவர் சாதிர்குல் தேநீர்க் கிண்ணங்களோடு வந்தார். அவர் மகன் எமிலுக்குத்தான் பெகாயிமை நிச்சயம் செய்கிறார்கள். நாளை சொந்தபந்தம் கூடி அவள் காதில் தோடு போடுவார்கள்.

"அதுக்குத் தெரிஞ்ச பேரு வேற ஏதாவது குடுத்துட்டுப் போயேம்மா. அது என்ன, வீடு தேடி வந்து விசாரிக்கவா போகுது?"

போன குளிர்காலத்தில் வேறொரு பெட்டிக்கு யாரோ அப்படித்தான் கொடுத்தார்கள். ஸ்கிரிப்ட் மறுபேச்சில்லாமல் நம்பியது. அப்புறம் எண்களைத் தலைகீழாகப் படித்து, ஆள் உயரப் பனியை விரல்கடை என்று காட்டியது. நல்லவேளை, சாலையில் யாரும் இல்லை.

"பொய் சொன்னா அப்போதைக்கு ஓடும் மாமா."

சிப்பையே நோண்டிப் பார்த்து, ஸ்கிரிப்டில் நாலு வரி சேர்த்து ஓடவிட்டாள். எழுத்துகள் மளமளவென்று இறங்கின. பெட்டி தன் பெயரைச் சரியாகச் சொன்னது.

அவள்தான் இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் இதே அறையில், ஊர் வழக்கப்படி, சாதிர்குல் அவளுடைய ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரைக் கேட்டார். இரு வீட்டிலும் ஒரு பெயர் ஒத்துப்போனாலும் கல்யாணம் கிடையாது. அவள் தங்கு தடையில்லாமல் ஒப்பித்தாள். அவர் ஏனோ சட்டென்று பேச்சை மாற்றிவிட்டார். நாளை அதையே சபையில் சொல்ல வேண்டும்.

முடியாது. நின்றால் நிற்கட்டும் கல்யாணம்.

"மாமா, அந்த ஏழு பேரும் எங்க வம்சம் இல்ல. அனாதை இல்லத்துல சொல்லிக்குடுத்தது. என் அப்பா யாருன்னே எனக்குத் தெரியாது."

சாதிர்குல் கிண்ணத்தையே பார்த்தார். பிறகு, "தொக்தோசுன், அப்திகுல், மம்பெத்..." என்று பள்ளிப்பிள்ளை மாதிரி ராகம் போட்டு ஏழையும் சொல்லி முடித்தார்.

"நான் அந்த இல்லத்துல வளர்ந்த காலத்துலயும் எல்லாப் பிள்ளைங்களுக்கும் இதே ஏழு பேருதாம்மா. எமிலுக்கும் என் பேருக்குப் பின்னாடி இதையேதான் சொல்லிக்குடுத்து வெச்சிருக்கேன்."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நாளைக்குச் சபையில இந்த உண்மைய முதல்ல நான் சொல்லிடறேன்."