முதல் பால்

கல்லடியில் அந்தப் புதிய மேல்மாடி வீட்டில் கேஸ் அடுப்பின் விலைச்சீட்டைக்கூட இன்னும் யாரும் உரிக்கவில்லை. வாவியில் பட்டுத் தெறிக்கும் பின்னேர வெயில் சமையலறைச் சுவரில் நெளிகிறது. மூன்று மாத வாடகைக்கு இன்றுதான் வந்திறங்கிய அஜந்தா, இடுப்பில் அழும் குழந்தையோடு பால் சட்டியை அடுப்பில் ஏற்றுகிறாள். கீழ்வீட்டிலிருந்து மூச்சிரைக்கப் படியேறி வந்த வீட்டுக்காரி தவமணி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"இறக்கு புள்ள. இது என்ட மகள்ர சீதன வீடு. ஆவணியில கலியாணம் முடிச்சு அவள்தான் இதுக்குள்ள முதல் பால் காய்ச்சோணும். சோறாக்கு, மீனாக்கு, ஆர் வேணாமெண்ட?"

"புள்ள பசியில கத்துறான் மாமி. மாப்பால் கரைச்சுக் குடுத்தாக் கக்கிச் சத்தியெடுக்கிறான்."

"அது உன்ட பாடு. இருந்திட்டுப் போற ஆள்தானே நீ!"

அஜந்தா நெருப்பைக் கூட்டுகிறாள். அடுப்பை அணைக்கத் தவமணியின் கை வளையல் குலுங்க நீள்கிறது. அஜந்தா தோளைக் கொடுத்து மறிக்கிறாள். இரண்டு பேரின் மூச்சுக்கும் நடுவில் பால் முனகுகிறது, ஆடை சுருங்குகிறது, நுரைத்தெழும்பி விளிம்பைத் தாண்டிச் சீறுகிறது. கருகல் மணக்கிறது. பொங்கும் முதல் பால் கிழக்கே வழிந்தால் காய்ச்சியவளுக்கு நல்ல காலம். தவமணி தன்னையறியாமல் குனிந்து பார்க்கிறாள். வெள்ளைக் கோடு கடற்பக்கமாக, நேர் கிழக்கே இறங்குகிறது. நிமிர்ந்து அஜந்தாவைப் பார்க்கிறாள்.

"அதையும் நீயே எடுத்திட்டாய்."