மாப்பிள்ளையின் திருத்தம்

மாமியாரின் லேப்டாப்பை எட்டிப் பார்த்த மாப்பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனுக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை.

"உங்கம்மா பைத்தான் புரோகிராமிங் கத்துக்கறாங்களா? பத்துப் பயிற்சி, பத்துலயும் தப்பு! ஒண்ணுல அடைப்புக்குறிய மூடல. இன்னொண்ணு, பத்து வரைக்கும் எண்ணச் சொன்னா ஒன்பதோட நின்னுடுது."

"இந்த வருஷம் அம்மா ஸ்கூல்ல கணக்கு டீச்சர்தான் அதையும் எடுக்கணுமாம்," என்றாள் மனைவி. "பாவம், மூணு நாளா அதோட மண்டைய உடைச்சுக்கறாங்க."

கல்யாணமாகி ஒரு மாதம். நல்ல பெயர் வாங்க இதைவிட வேறு சந்தர்ப்பம் வாய்க்குமா? மாமியார் மாடியில் துணி உலர்த்திவிட்டு வருவதற்குள் அத்தனையையும் திருத்திச் சேமித்துவிட்டான்.

"அத்தை, கவலைய விடுங்க. பத்தையும் சரி பண்ணிட்டேன்!"

திரையைப் பார்த்த மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ மாப்பிள்ளை! இது 'தப்பைக் கண்டுபிடி'ன்னு நாளைக்குப் பசங்களுக்கு வைக்கிற பரீட்சை. ஒவ்வொரு தப்பையும் யோசிச்சு யோசிச்சுப் போட்டிருந்தேன்!"

மாப்பிள்ளை அசடு வழிந்தான். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு சிரித்தார்.

"ஏழாவது கேள்வில ரெண்டு தப்பு ஒளிச்சு வெச்சிருந்தேன். உங்க கண்ணுல ஒண்ணுதான் பட்டிருக்கு. பத்துக்கு ஒன்பதரை, மாப்பிள்ளை!"