குவித்த விரல்கள்

ஜட்கா கவிழ்ந்து ஒடிந்த இரண்டு கைகளின் மாவுக்கட்டையும் இரண்டு மாதம் கழித்துப் பிரித்தார் டாக்டர் இருதயநாதன். விரல்கள் மரக்கட்டையாக இருந்தன.

"கியாசுதீன், இனிமே தினம் பயிற்சி. முதல்ல எதுக்குக் கை பழகணும்? கத்திரி பிடிக்கவா? மலைக்கோட்டையில உங்க தையல்கடை பூட்டிக் கிடக்கே."

"விரலைக் குவிச்சு வாய்க்கிட்ட கொண்டு போகணும், டாக்டர். அது போதும்."

"அதான் வீட்டுல ஊட்டி விடறாங்களே!"

பக்கத்தில் நின்ற மனைவி கமருன்னிசா கணவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபதாம் நாள் வலக்கை விரல்கள் குவிந்தன. டாக்டரே சந்தோஷமாக இட்லித் தட்டை நீட்டினார்.

கியாசுதீன் அதைத் தொடவில்லை. மனைவி பக்கம் திரும்பி, குவித்த விரல்களை வாயருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினார்.

கமருன்னிசா கண்கலங்க, இல்லையென்று தலையாட்டினாள்.

"அவளுக்குப் பிறவியிலேயே காது கேக்காது, டாக்டர்," என்றார் கியாசுதீன். "சாப்பிட்டியான்னு அவளைக் கேட்டு ரெண்டரை மாசமாச்சுங்க."