தாத்தா மூட்டிய நெருப்பு

“மாமா, இந்த அடுப்பு எப்பத் தூங்கும்?” என்று முன்பு ஒரு சிறுவன் கேட்டான்.

“எங்க தாத்தா இந்தக் கட்டடத்தைக் கட்டினப்ப மூட்டின நெருப்புடா. நடுவுல வெள்ளம் வந்துச்சு, பஞ்சம் வந்துச்சு, அணைஞ்சதே இல்ல” என்றார் பேக்கரிக்காரர். குடிகார அப்பா வெளியே தள்ளிய நாட்களில், அந்த அடுப்பின் சுவரில் முதுகை ஒட்டித்தான் அவன் உறங்கினான். யார் பிள்ளை என்று அவர் கேட்டதில்லை. ஒரு சாக்கைப் போர்த்திவிட்டுப் போவார்.

அந்தச் சிறுவன்தான் இன்று கையில் இரும்புக் கம்பியோடு, ஒரு கும்பலுக்குத் தலைவனாகப் பேக்கரிக் கதவை உடைத்து நுழைந்தான். நாலைந்து நாளாக ஓயாத கலவரத்தில் தெரு முழுக்கப் புகை.

“பின் வீட்டுத் தையல்காரன் குடும்பத்த எங்கய்யா ஒளிச்சு வெச்சிருக்க? ஒருத்தரையும் உயிரோட விடமாட்டோம்.”

“எனக்குத் தெரியாதுப்பா.”

கம்பி அவர் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்தது. குப்புற விழுந்தவரின் விலாவில் மாறி மாறி உதைத்தார்கள். அவர் கடவுளைக் கூப்பிட்டார், யாரையும் சபிக்கவில்லை.

கண்ணாடி அலமாரிகள் நொறுங்கின. மூட்டைகளைக் கத்தியால் கிழித்தார்கள். தொட்டியிலிருந்து பொங்கி வழிந்து கிடந்த புளித்த மாவில் ஒருவன் வழுக்கி விழுந்தான்.

“அண்ணே, அடுப்புக்குள்ள பாத்துடலாமா?” என்றான் எழுந்தபடியே.

“உனக்கென்ன கிறுக்கா? கதவத் திறந்தா உன் மூஞ்சிதான் ரொட்டியாகும்” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

“மாடியில தேடுங்கடா” என்றான் தலைவன். ஓடினார்கள்.

தனியே நின்றவன், பழக்க தோஷத்தில் அடுப்புச் சுவரில் முதுகைச் சாய்த்தான். சட்டென்று நிமிர்ந்தான். திரும்பி, உள்ளங்கையைச் சுவரில் பதித்தான். படியில் காலடி கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.

“மேல ஈ காக்கா இல்லண்ணே. எதுக்கும் அடுப்பையும் ஒரு தடவ...”

அவன் உள்ளங்கையை ஊதிக்கொண்டே வாசலுக்கு நடந்தான். “தொட்டுப் பாத்தேன், கை வெந்துபோச்சு. கிளம்புங்கடா.”

கும்பலின் சத்தம் தெருமுனையைத் தாண்டியது. பேக்கரிக்காரர் உடைந்த காலை இழுத்துக்கொண்டு தவழ்ந்தார். அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து, உள்ளே இருட்டுக்குள் தலையை நீட்டினார்.

“புள்ளைக்கு ரொம்பக் குளிருதாம்மா?”