மேடு ஏறாத வண்டி

"ஸ்டார்ட் ஆகுது. சும்மா நின்னா நல்லாத்தான் ஓடுது. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டா மட்டும் இருமுது. என்ன கண்றாவிப்பா இது?" என்றான் மகன்.

நான்கு தடித்த சக்கரங்களும் பைக் மாதிரிக் கைப்பிடியும் கொண்ட அந்த ஏ.டி.வி., கொட்டகை வாசலில் கரும்புகை விட்டுக்கொண்டிருந்தது. நேற்று மாலைதான் அவனே அதில் ஏறித் தோட்டத்தின் உச்சி வரை போய்வந்தான். அப்போது ஒரு குறையும் இல்லை.

"வயசாச்சுல்ல. என்னை மாதிரி" என்றார் அப்பா.

"விளையாடாதீங்கப்பா. அவர் வந்துக்கிட்டே இருக்கார்."

அவர் என்பது தோட்டத்தை வாங்க வருபவர். முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்ட மனிதர். மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் எல்லை வேலியையும் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்து என்று கறாராகச் சொல்லியிருந்தார். அந்த மேட்டில் கார் ஏறாது. அவரால் நடக்கவும் முடியாது. இந்த வண்டியை விட்டால் வேறு கதி இல்லை.

பழம் பறிக்கப் போய் ஏணியிலிருந்து அப்பா விழுந்த நாளிலிருந்து, "தனியா இருந்தது போதும், எங்களோட வந்துடுங்க" என்று மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். அப்பாவும் முரண்டு பிடிக்கவில்லை. "தோட்டத்தை வாங்க ஆள் வரட்டும், அன்னிக்கே கிளம்பறேன்" என்றார். சொன்னபடி காலையிலேயே பெட்டியைக் கட்டி வராந்தாவில் வைத்துவிட்டார்.

"மாமா, உங்க ரூமுக்குப் புதுத் திரைச்சீலை போட்டாச்சு. கட்டிலையும் ஜன்னலோரமாத் தள்ளிப் போட்டிருக்கேன்" என்றாள் டீயோடு வந்த மருமகள்.

"உனக்கு எதுக்கும்மா இவ்வளவு சிரமம்?"

"சிரமமா? நீங்க எப்ப வருவீங்கன்னு நாள் எண்ணிக்கிட்டு இருக்கேன் மாமா!"

மகன் கைப்பேசியை இருக்கைமேல் சாய்த்துவைத்து, வீடியோவைப் பார்த்துப் பார்த்து வேலையில் இறங்கினான். பெட்ரோலைக் கொஞ்சம் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினான். தண்ணீர் கலக்கவில்லை. பிளக்கைக் கழற்றினான். அடுப்புக்கரி போல் கறுத்திருந்தது. துடைத்து மாட்டினான். வண்டி இன்னும் நன்றாக இருமியது.

"பிளக் கறுத்தா, போற காத்து பத்தலைன்னு அர்த்தமாம். இவன் சொல்றான். ஏர் ஃபில்டரைத் திறந்து பாத்துடவா?"

"அதை முந்தாநாள்தான்டா கழுவி மாட்டினேன்" என்றார் அப்பா. "அதுல போய்க் கையை வைக்காதே."

"வீடியோக்காரன் ஆயிரம் சொல்வான். மாமா கைபட்ட வண்டி, அவருக்குத் தெரியாதா?" என்றாள் மருமகள். "நீங்க கார்புரேட்டரைப் பாருங்க."

"அதைச் சொல்லு" என்றார் மாமனார்.

எந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் இப்படி ஒரே பேச்சாக இருக்கிறார்கள்? மகனுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு கார்புரேட்டரைக் கழற்றி, ஊதி, துடைத்து, முழங்கை வரை கறுப்பாக்கிக்கொண்டு திரும்ப மாட்டினான்.

அதற்குள் கார் வந்துவிட்டது. வந்தவர் பருமனான ஆள். மகன் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்தார். சமதரையில் வண்டி ஏதோ மானத்தைக் காப்பாற்றியது. மேட்டின் முதல் வளைவில் இவன் ஆக்ஸிலரேட்டரைத் தள்ளியதுதான் தாமதம், நான்கு முறை திக்கித் திணறி அப்படியே அணைந்து, மெல்லப் பின்னோக்கி உருள ஆரம்பித்தது. பிரேக்கைப் பிடித்து நிறுத்துவதற்குள் பின்னால் இருந்தவர் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி, நான் தோட்டத்தைப் பாக்கத்தான் வந்தேன். மேலோகத்தைப் பாக்க இல்லை" என்றார், இறங்கி நொண்டியபடி.

"கொஞ்சம் பொறுங்க சார், மெக்கானிக்கை வரச் சொல்றேன்..."

"வேணாம்பா. கீழ ரோட்டோரமா ஒரு இடம் சொல்லியிருக்காங்க. சமதரை. அதையே முடிச்சுக்கறேன்."

கார் போய்விட்டது. மகன் கொட்டகைப் படியில் உட்கார்ந்தான். அழுகையே வந்துவிட்டது அவனுக்கு. இன்னொரு தடவை அப்பா விழுந்தால் தூக்கிவிட யார் இருக்கிறார்கள் என்ற பயம் அவனைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது. இன்றோடு அது தீரும் என்று நம்பியிருந்தான்.

"விடுடா. வேற ஆள் வராமலா போயிடுவான்? நான் ஏணிப்பக்கமே போகலை, போதுமா?" என்று அவன் முதுகைத் தட்டினார் அப்பா.

"பாவம் மாமா. எவ்வளவு ஆசையாக் கிளம்பி இருந்தாங்க" என்று மருமகள் பெருமூச்சு விட்டாள்.

மகன் எழுந்து, கைக்கறையைக் கழுவ வீட்டுக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குப் போனான்.

அவன் தலை மறைந்ததும் மாமனார் வண்டியின் இருக்கையைத் தூக்கினார். ஏர் ஃபில்டருக்குப் போகும் காற்றுக்குழாய்க்குள் இரண்டு விரலை விட்டு, பந்தாகச் சுருட்டிய சமையலறைத் துணி ஒன்றை வெளியே இழுத்தார். மருமகளின் முகம் வெளிறிப்போனது.

"ஏம்மா, அடுத்த தடவை இப்படி ஒரேயடியா அடைச்சு வைக்காதே" என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "ஸ்டார்ட்டே ஆகலைன்னா எல்லாத்தையும் கழட்டிக் கண்டுபிடிச்சிருப்பான். நல்லவேளை, காலையில நான் பாத்துப் பாதித் துணியை வெட்டி எடுத்தேன்."