முன்னாடி ரெண்டு போதும்

கார் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து கிடந்த கணவனுக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள் மனைவி.

"கடையில குடுத்தா பாட்டு செட்டைப் பத்து நிமிஷத்துல மாட்டிடுவான்."

"கடை வரைக்கும் கொண்டு போகணுமே."

"இதுக்கு முன்னாடி மாட்டியிருக்கீங்களா?"

"வீடியோ பாத்தேன். வெளிச்சத்தை மூஞ்சியில அடிக்காத."

வீட்டுக்குள் டிவி அலறியது. அவன் அண்ணன் பிள்ளைகள் ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ராத்திரி பாய் விரிப்பதும் அதே ஹாலில்தான்.

"பின்னாடி ஸ்பீக்கர் வேண்டாமா?"

"பின்னாடி யாரு உக்காரப் போறா? முன்னாடி ரெண்டு போதும்."

ஒருவழியாக எழுந்து பட்டனை அழுத்தினான். செட் வாயைத் திறக்கவில்லை.

"வீடியோவுல மஞ்சள் ஒயரை நேரா பேட்டரிக்குத்தானே கொண்டு போனான்?" என்றாள்.

அசடு வழிந்தபடி போய் பானெட்டைத் தூக்கி, ஒயரை முடுக்கினான். பாட்டு வந்தது. பானெட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தான். அவள் கண்ணாடிகளை ஏற்றினாள். டிவி சத்தம் அடங்கியது.

"எங்க போலாம்?" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

"கடலுக்கு. மெதுவாவே போங்க."

வாசலுக்கு வந்த அண்ணி, திறந்து கிடந்த பானெட்டை மூடப் போனாள். உள்ளே புத்தம்புது பேட்டரி ஒன்று மட்டும் இருந்தது. இன்ஜின் பழைய இரும்புக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால், கொழுந்தன் தோளில் அவன் மனைவியின் தலை சாய்ந்திருந்தது.

பானெட்டைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள்.

"சித்தப்பா எங்கேம்மா?" என்றார்கள் பிள்ளைகள்.

"சித்தியைக் கூட்டிக்கிட்டு வெளிய போயிருக்காரு. வர நேரமாகும்" என்று வாசல் கதவைச் சாத்தினாள்.