அப்பாதான் போர்ட்டர்

காலையில் மனைவியைச் சுவரோடு சேர்த்து அடித்துவிட்டுப் படுத்தவன், மத்தியானம்தான் எழுந்தான். கூடத்தில் பெரிய சூட்கேஸ் ஒன்று நின்றது.

"பயண விளையாட்டுப்பா. வீட்ல எல்லாரும் சேர்ந்து செய்யணும்னு டீச்சர் சொன்னாங்க," என்றாள் எட்டு வயது மகள். "நான் பைலட், அம்மா பயணி, நீங்க போர்ட்டர்."

மனைவி போர்வைக்குள் கையை ஒடுக்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

குழந்தையிடமாவது நல்ல பேர் வாங்கலாம் என்று அவன் பெட்டியைத் தூக்கினான்.

"என்னம்மா, இந்தக் கனம் கனக்குது?"

"போர்ட்டர் கேள்வி கேக்கக் கூடாது."

சிரித்துக்கொண்டே மூன்று மாடி இறங்கினான். வாசலில் டிக்கி திறந்து ஒரு கார் நின்றது. மகள் கை காட்ட, பெட்டியை அதில் வைத்தான். தாயும் மகளும் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"இறங்குடி கீழே," என்று கண்ணாடியில் ஓங்கிக் குத்தினான். விரல் கிழிந்து ரத்தம் வழிந்தது. மறுபடி ஓங்கிய கையை, முன்சீட்டிலிருந்து இறங்கிய பெண் போலீஸ் பிடித்து முதுகுப் பக்கம் முறுக்கினாள்.

"எங்களுக்குப் போன் பண்ணது உன் பொண்ணுதான்," என்றாள். "அம்மாவுக்குக் கை உடைஞ்சிருக்கு, பெட்டியை அப்பாவையே தூக்க வச்சுக் கூட்டிட்டு வரேன், கீழயே நில்லுங்கன்னு சொல்லுச்சு."